இல்லாத பொருளுக்கு எது மாற்று?

(ஒன்றிய அளவிலான கணித, அறிவியல் ஆசிரியர்கள் பயிற்சியின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று நாள்களாக விகிதம், பின்னம், அமிலம், காரம் என்று பேசியிருக்கிறோம். மதிய உணவுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. இந்த நேரத்தில் சமையலைப் பற்றிப் பேசினால் பசி கூடும் என்பது தெரியும். இருந்தாலும், இந்த மூன்று நாளில் பேசிய பலவும் ஒன்றாகச் சேரும் இடம் அடுப்படிதான் என்பதால் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உப்புமா செய்ய உட்காருகிறோம். கறிவேப்பிலை இல்லை. என்ன செய்வோம்? இல்லாமலே செய்துவிடுவோம். எண்ணெய் இல்லை என்றால்? நெய் இருக்கிறதா என்று பார்ப்போம். ரவையே இல்லை என்றால்? சேமியாவையோ அரிசிக் குருணையையோ எடுப்போம், தண்ணீரின் அளவை மாற்றுவோம். மூன்றுமே 'ஒரு பொருள் இல்லை' என்பதுதான். ஆனால் மூன்றுக்கும் நாம் மூன்று விதமாக விடை சொல்கிறோம். ஏன்?

செய்முறைக் குறிப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சமைத்துப் பழகியவருக்கு அந்த வேலை தெரியும். தெரிந்ததால் எதை விடலாம், எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்கிறார். பொருளின் பெயரை மட்டும் படிப்பவருக்கு எல்லாப் பொருளும் ஒரே மாதிரி தெரியும். நம் மாணவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

இட்லியை எடுத்துக்கொள்வோம். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பல வீடுகளில் உள்ள அளவு. அரிசிக்குப் பதில் சாமை போடலாம், வரகு போடலாம். தண்ணீர் சற்று மாறும், பதம் சற்று மாறும், ஆனாலும் இட்லி வரும். உளுந்துக்குப் பதில் துவரம்பருப்பைப் போட்டுப் பாருங்கள். அடை மாவு கிடைக்கும், பஞ்சு போன்ற இட்லி கிடைக்காது. மாவு புளிக்கும்போது பாக்டீரியாக்கள் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் உண்டாக்குகின்றன. அந்த வாயுக் குமிழிகளை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அரைத்த உளுந்தின் வழுவழுப்பு. துவரம்பருப்பிலும் புரதம் இருக்கிறது, அதுவும் பருப்புதான். ஆனால் அந்த வழுவழுப்பு அதில் இல்லை. ஒரே இனம் என்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகிவிடாது. ஒரே வேலையைச் செய்தால்தான் மாற்று.

அடுத்தது புளிப்பு. நம் சமையலில் புளிப்புக்குப் புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர், மாங்காய் என்று பலர் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் விடுப்பு எடுத்தால் இன்னொருவர் வகுப்பைப் பார்த்துக்கொள்வதுபோல ஒன்றுக்கு இன்னொன்று வரும். ஆனால் அவரவர் பழக்கம் வேறு. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பச்சை வாசனை போகும்வரை அது கொதிக்க வேண்டும். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். அதைக் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும், கசப்பும் தட்டும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிகிறோம். தக்காளி தன்னோடு நிறையத் தண்ணீரைக் கொண்டு வருகிறது. எனவே குழம்பில் அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். தயிர் அதிகச் சூட்டில் திரிந்துவிடும். மோர்க்குழம்புக்கு அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பதும், நுரை கட்டியதும் இறக்குவதும் அதற்காகத்தான். பொருளை மாற்றினால் அது சேரும் நேரத்தையும் தண்ணீரின் அளவையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இதே புளிப்பில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பருப்பு வெந்த பிறகு புளியை ஊற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். அமிலச் சூழலில் பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டின் எளிதில் கரைவதில்லை, பருப்பு மசிய நேரமாகும். எதிர்த்திசையில், கொண்டைக்கடலையை ஊறவைக்க மறந்தவர்கள் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவார்கள். காரச் சூழலில் கடலை சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும். ஊறவைத்தலுக்கு ஆப்பசோடா மாற்றா என்று கேட்டால், வேகவைக்கும் வேலைக்கு மாற்று, சத்துக்கு மாற்று அல்ல என்பதே விடை. எட்டாம் வகுப்பு மாணவரோடு அரை மணி நேரம் பேச இந்த ஒரு கேள்வி போதும்.

இப்போது இனிப்பு. இதில் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாம். ஆனால் கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் பால் திரிந்துவிடக்கூடும், ஏனென்றால் வெல்லம் சற்று அமிலத்தன்மை உடையது. பாயசத்தை இறக்கி, சற்று ஆறவைத்து, வெல்லப்பாகைச் சேர்க்க வேண்டும். இது சமையல் கவனம். இதைவிடப் பெரிய கவனம் ஒன்று உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் கெடுதல் செய்யாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சுவைக்கும் நிறத்துக்கும் அது மாற்றாகலாம், இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை அது மாற்றே இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைகள் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். பிறந்தநாள் அன்று, "இது கடலை மிட்டாய்தான், வெல்லம்தான், நீ சாப்பிடலாம்" என்று அன்போடு கொடுத்துவிடக்கூடாது. அதேபோல, பாயசத்தில் முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை போடுவது செலவைக் குறைக்கும். ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகலாம். எதை மாற்றினாலும் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றியதைச் சாப்பிடுபவரிடம் சொல்லவும் வேண்டும்.

கணித ஆசிரியர்கள் காத்திருக்கிறீர்கள். உங்கள் பங்குக்கு வருகிறேன்.

ஒரு கரண்டி கல் உப்புக்குப் பதில் ஒரு கரண்டி தூள் உப்பு போட்டால் என்ன ஆகும்? கரித்துவிடும். கல் உப்பில் பரல்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், ஆகவே ஒரு கரண்டியில் அடங்கும் எடை குறைவு. எடையாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், கொள்ளளவாகப் பார்த்தால் வேறு. நிறைக்கும் கனஅளவுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. ஒரு தராசும் ஒரு கரண்டியும் இருந்தால் போதும்.

நம் பழைய முகத்தல் அளவைகளும் இங்கே உதவும். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. அப்படியானால் ஒரு படிக்கு 8 ஆழாக்கு. இரண்டின் அடுக்குகள் வீட்டுப் பரணில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. பாதி, கால், அரைக்கால் ஆகிய பின்னங்களை அதே பாத்திரங்களில் அளந்து காட்டலாம்.

4 பேருக்கான சாம்பாரை 40 பேருக்குச் செய்ய வேண்டும் என்றால் எல்லாவற்றையும் பத்தால் பெருக்கினால் போதுமா? நம் சத்துணவு சமையலரைக் கேளுங்கள், சிரிப்பார். பருப்பும் காயும் பத்து மடங்கு வேண்டும். தண்ணீர் அந்த அளவுக்கு வேண்டாம். ஆவியாவது மேற்பரப்பிலிருந்து. பாத்திரத்தின் கொள்ளளவு பத்து மடங்கானால் வாய் பத்து மடங்கு அகலமாகிவிடுவதில்லை. ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரு மடங்காக்கினால் பரப்பு 4 மடங்கு, கனஅளவு 8 மடங்கு என்று கரும்பலகையில் எழுதுகிறோமே, அதுதான் அண்டாவுக்குள் நடக்கிறது. உப்பையும் மிளகாய்த்தூளையும் கணக்குப்படி வருவதில் முக்கால் பங்கு முதலில் போட்டு, ருசி பார்த்து மீதியைச் சேர்ப்பார்கள். எது நேர்விகிதத்தில் கூடும், எது கூடாது என்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். ஒருநாள் அவரை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் உங்களுக்கே புதிதாக இருக்கும்.

மாற்றுவது நம் சமையலுக்குப் புதிதும் அல்ல. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்து சேர்ந்த பொருள். அதற்கு முன் உறைப்புக்கு நமக்கு இருந்தது மிளகு. புதியவருக்கு வைத்த பெயருக்குள்ளேயே பழையவரின் பெயர் இருக்கிறது பாருங்கள். மிளகு செய்த உறைப்பு வேலையின் பெரும்பகுதியை மிளகாய் எடுத்துக்கொண்டது. மிளகின் மணத்தை அதனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் வெண்பொங்கலிலும் ரசத்திலும் மிளகு இன்றும் தன் இடத்தில் இருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியர் கையில் கொடுத்தால் இது கடல் வணிகப் பாடமாகிவிடும். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய சமையல் நூலின் பெயர் 'சமைத்துப் பார்'. அந்தப் பெயரில் உள்ள 'பார்' என்ற சொல் அறிவியல் ஆசிரியருக்கு மிகவும் பிடிக்க வேண்டிய சொல்.

வகுப்பில் இதை எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றைப் போடச் சொல்வேன். முதல் கட்டத்தில் பொருள். இரண்டாவதில் அது செய்யும் வேலை. மூன்றாவதில் அதே வேலையைச் செய்யக்கூடிய வேறு பொருள். வீட்டில் சமைப்பவரைக் கேட்டு நிரப்பி வர வேண்டும். 'அம்மாவைக் கேட்டு வா' என்று நான் சொல்வதில்லை. அப்பா சமைக்கும் வீடு உண்டு, ஆயா சமைக்கும் வீடு உண்டு, பிள்ளையே சமைக்கும் வீடும் உண்டு. பையன்களும் கட்டாயம் நிரப்ப வேண்டும்.

ஓர் ஆண்டு ஒரு மாணவி தக்காளி சாதத்துக்கு அட்டவணை எழுதி வந்தாள். அவளுடைய அம்மா நூற்பாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். மாலையில் தம்பிக்கு இவள்தான் சமைப்பாள். கைப்பேசியில் பார்த்த செய்முறையில் 14 பொருள்கள் இருந்தன, வீட்டில் இருந்தவை 8. முந்திரிக்கு நேராக 'விருந்தாளி வந்தா போடறது' என்று எழுதியிருந்தாள். பட்டை, கிராம்புக்கு நேராக 'வாசனை' என்றும், மூன்றாம் கட்டத்தில் 'சோம்பு, புதினா' என்றும் எழுதியிருந்தாள். தக்காளிக்கு நேராக மூன்றாம் கட்டம் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "புளிப்புக்குப் புளி ஊத்தலாம் சார், ஆனா அது புளிசாதம் ஆயிடும்" என்றாள். எந்தப் பொருளை மாற்றினால் உணவின் பெயரே மாறிவிடும் என்பது வரை அந்தப் பிள்ளை யோசித்திருந்தாள்.

அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது ஒன்று உண்டு. திரையில் வரும் சமையலறைகளைப் பார்க்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டில் எதுவுமே இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 14 பொருளில் 6 இல்லை என்றால் அந்த உணவு தங்களுக்கானது அல்ல என்று விட்டுவிடுகிறார்கள். ஆறில் நான்கு மணத்துக்கும் அலங்காரத்துக்கும் உரியவை என்று கண்டுபிடித்த பிள்ளை அப்படி விடுவதில்லை. இருப்பதை வைத்துச் செய்யத் தொடங்குகிறது.

நம் பாடச் செயல்பாடுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். லிட்மஸ் தாள் இல்லையா, மஞ்சள் தடவிய தாளை எடுக்கிறோம். நல்ல மாற்றுதான். ஆனால் எந்த வேலைக்கு? சோப்புக் கரைசலில் மஞ்சள் சிவக்கும், காரத்தைக் காட்டிவிடும். எலுமிச்சைச் சாற்றிலும் வெறும் தண்ணீரிலும் அது மஞ்சளாகவே இருக்கும். அமிலத்தைக் கண்டறியும் வேலையை மஞ்சள் செய்யாது. செம்பருத்திப் பூவின் சாறு இரண்டையும் செய்யும், அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை. பள்ளி வளாகத்திலேயே செம்பருத்தி இருக்கும்போது, பொருள் இல்லை என்று அந்தச் செயல்பாட்டை விட்டுவிட வேண்டியதில்லை. மஞ்சளை மட்டும் வைத்து அரைகுறையாக முடிக்கவும் வேண்டியதில்லை.

நீங்கள் பள்ளிக்குத் திரும்பியதும் ஒரே ஒரு செயல்பாட்டை எடுத்து இந்த மூன்று கட்ட அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். மாணவர்கள் நிரப்பி வருவதைத் திருத்தும்போது, மூன்றாம் கட்டம் காலியாக இருந்தால் உடனே மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். ஏன் காலியாக விட்டாய் என்று கேளுங்கள். மாற்றே இல்லாத பொருள் எது என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்திருக்கலாம்.

உணவு தயாராகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். இன்றைய சாம்பாரில் எதற்கு எது மாற்றாகப் போயிருக்கிறது என்று சாப்பிடும்போது சமையலரிடமே கேட்போம்.