இவனா என்று கேட்குமுன்

(கீரிப்பாறையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இளம் வயதிலேயே பாண்டிய நாட்டின் அரசனானவன் நெடுஞ்செழியன். ‘சிறுவன்தானே’ என்று எள்ளி, சேரனும் சோழனும் வேளிர் ஐவரும் சேர்ந்து படையெடுத்தார்கள். கிண்கிணியைக் கழற்றிய காலில் வீரக்கழல், கழுத்தில் இன்னும் கழற்றாத தாலி என்று அவனைக் காட்டுகிறார் இடைக்குன்றூர் கிழார். தலையாலங்கானத்தில் எழுவரையும் அவன் வென்றான்.

புறநானூற்றின் 72ஆம் பாடல் அவனே பாடியது. ‘வெல்லாவிட்டால் குடிமக்கள் என்னைக் கொடியவன் எனத் தூற்றட்டும், புலவர் என் நாட்டைப் பாடாதிருக்கட்டும், இரப்பவர்க்கு ஈயமுடியாத வறுமை வரட்டும்’ என்பது அதன் கருத்து. சிறுவன் என்றவர்களுக்கு அவன் பொறுப்பைக் காட்டிப் பதில் சொன்னான்.

நானும் ஒரு மாணவனை அப்படி எடைபோட்டிருக்கிறேன். முதல் பாடவேளையிலேயே தூங்குவான். ‘தேறமாட்டான்’ என்று முடிவு கட்டினேன். பெற்றோர் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போய்விட, தம்பி தங்கையைக் குளிப்பாட்டி, சாப்பிடவைத்து, பள்ளிக்குக் கூட்டி வருபவன் அவனே என்று பிறகுதான் தெரிந்தது. வெட்கப்பட்டேன். மதிய உணவு வரிசையை அவனிடம் ஒப்படைத்தேன். அன்று முதல் சின்னப் பிள்ளைகள் முதலில் சாப்பிட்டார்கள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

‘இவனா?’ என்று தோன்றும் பிள்ளையிடம் நாளை ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.