வாசல் தாண்டி வரும் காலுறை



பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தாமான் வீடானாலும் காலணி வாசலோடு நின்றுவிடும். காலுறை மட்டும் உள்ளே வந்துவிடும். பள்ளி விட்டு வந்த பிள்ளை அதோடு ஹாலில் ஓடும். வேலை முடிந்து வந்தவர் அதோடு மாடிப்படி ஏறுவார். அடியில் இருப்பதோ துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் டைல்ஸ், இல்லாவிட்டால் மார்பிள்.

வெறும் பாதத்தின் தோல் மிருதுவானது. லேசான ஈரமும் உண்டு. அதனால் தரையைப் பிடித்துக்கொள்கிறது, விரல்களும் ஊன்றிக்கொள்கின்றன. காலுறை இந்த வசதியை மூடிவிடுகிறது. பருத்தி, நைலான் இழைகளுக்கு வழவழப்பான தரையில் பிடிமானம் குறைவு. குதிகால் தரையைத் தொட்டு, உடல் எடை அதன்மேல் இறங்கும் கணத்தில்தான் பாதம் முன்னே சறுக்கும். ஆள் பின்பக்கம் சாய்வார். இடுப்பு, மணிக்கட்டு, பின்தலை என்று அடி விழும்.

டைல்ஸ் கடையில் ஆர்9 முதல் ஆர்13 வரை ஓர் எண் சொல்வார்கள். எண் கூடினால் வழுக்கல் குறைவு. இது ஜெர்மானியத் தரமுறை. எண்ணெய் தடவிய சரிவுத் தளத்தில் பூட்ஸ் போட்ட ஒருவரை நடக்கவிட்டுச் சோதிப்பார்கள். குளியலறை போன்ற ஈரமான இடங்களுக்கு வெறுங்கால் சோதனை தனி; அதற்கு ஏ, பி, சி என்று தரம். காலுறை போட்ட காலுக்கு இரண்டிலும் இடமில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் இந்தச் சறுக்கலைக் கவனிக்கக் காரணம் உண்டு. 55 வயதைத் தாண்டிய நகரவாசிகள் பற்றி மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓராண்டில் விழுந்தவர்கள் மலாய்க்காரர்களில் 16.2 விழுக்காடு, சீனர்களில் 19.4, இந்தியர்களில் 23.8. எல்லா விழுகைக்கும் காலுறையைக் குற்றம் சொல்ல முடியாது; பார்வைக் குறைவு, மருந்து, நோய் என்று பல காரணங்கள் சேரும். ஆனால் நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்குச் சறுக்கல் தொடங்குவதே தெரியாது.

ரப்பர் புள்ளி வைத்த காலுறை உதவுமா? 2009இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், வழுக்காது என்று விற்ற காலுறைகளைவிட வெறும் பாதமே நன்றாகப் பிடித்தது. ஆகவே திடமாக நடப்பவர்கள் காலணியோடு காலுறையையும் வாசலிலேயே கழற்றிவிடலாம்.

நீரிழிவுக்காரருக்கு இந்த யோசனை பொருந்தாது. வெறுங்காலில் கண்ணாடித் துண்டு குத்தினாலும் அவர் உணராமல் போகலாம். ரப்பர் அடியும் குதிகாலைப் பிடிக்கும் பின்வாரும் உள்ள செருப்பு ஒன்றை வீட்டுக்குள் நடக்கவென்றே அவருக்கு வாங்கி வைக்க வேண்டும். மோப் போட்டு ஈரம் காயாத தரையில் வெறுங்காலும் வழுக்கும். அது காயும்வரை அந்தப் பக்கம் போகாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.