பெருந்தொற்றுக் காலமும் மஹல்லாவின் குடும்பப் பதிவேடும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக.

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு விட்டன. இன்றைய நிகழ்ச்சி நிரலில் எஞ்சியிருப்பது, குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் தீர்மானமாகும். பார்வைக்கு இது கணக்கெழுதுபவர் முடித்துவிடக் கூடிய சிறு வேலையாகத் தோன்றலாம். ஆனால், கொரோனாப் பெருந்தொற்று நம் சமுதாயத்தை உலுக்கிய நாட்களில், பசியும் மரணமும் அநாதைப் பிள்ளைகளின் உரிமையும் இந்தப் பதிவேட்டின் வாசலில்தான் வந்து நின்றன. அதை நினைவூட்டுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. அம்மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பாங்கோசை நிற்கவில்லை, எனினும் ஸஃப்புகள் வெறிச்சோடின. ஏப்ரல் 25 அன்று பிறந்த ரமளானில் தராவீஹ் தொழுகை இல்லங்களுக்குள் நடைபெற்றது. பள்ளிவாசல் முற்றங்களில் கஞ்சி அடுப்பு எரியவில்லை.

நோன்புக் கஞ்சிக்காக ஆண்டுதோறும் தமிழக அரசு பச்சரிசி வழங்கி வருவதை நாம் அறிவோம். அவ்வாண்டு ஏறத்தாழ 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டது. பள்ளிவாசலில் கூடிக் கஞ்சி காய்ச்ச இயலாத நிலையில், அவ்வரிசியைத் தன்னார்வலர்கள் மூலம் வீடு வீடாகக் கொண்டு சேர்க்குமாறு அரசு கேட்டுக்கொண்டது. இங்கேதான் சிக்கல் எழுந்தது. அண்டாவில் கஞ்சி காய்ச்சிய காலத்தில் பட்டியல் தேவைப்படவில்லை. தூக்குவாளியோடு வந்து நிற்பவர் யார், எவர் என்று நாம் எவரும் கேட்டதில்லை. இந்து அண்டை வீட்டுப் பிள்ளையும் வாங்கிச் செல்லும்; வழிப்போக்கரும் அருந்திச் செல்வார். ஆனால் அரிசியைச் சுமந்துகொண்டு தெருவில் இறங்குபவருக்கு, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்தாக வேண்டும்.

சகோதரர்களே! தமிழகத்தின் பல மஹல்லாக்களில் அன்று கைவசமிருந்தது சந்தாப் புத்தகம் ஒன்றே. அதில் சந்தா செலுத்துவோரின் பெயர்கள் இருக்கும். வாடகைக்குக் குடிவந்த குடும்பத்தின் பெயர் இராது. கணவனால் கைவிடப்பட்டுத் தாய்வீட்டில் ஒண்டியிருக்கும் பெண்ணின் பெயர் இராது. வேறு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்து, ஜும்ஆவுக்கு மட்டும் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டுச் செல்லும் தொழிலாளியின் பெயரும் இராது. எவருக்கு உதவி மிகுதியாகத் தேவைப்பட்டதோ அவர்தாம் புத்தகத்திற்கு வெளியே இருந்தார். தெருவை நன்கறிந்த இளைஞர்கள் தம் நினைவிலிருந்து பெயர்களைச் சொல்லிச் சொல்லித்தான் அக்குறை ஓரளவு தீர்ந்தது. அவ்விளைஞர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. அதே இளைஞர்கள் நாளை வேலைக்காக வெளிநாடு சென்றுவிட்டால், அந்த அறிவும் அவர்களோடு போய்விடும் அன்றோ?

அடுத்து ஜனாஸா. தொற்றால் இறந்தவரைக் குளிப்பாட்டுவதும் முத்தமிடுவதும் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை விதிமுறை வகுத்தது. பெற்ற பிள்ளைகளே தனிமைப்படுத்தப்பட்டிருந்த வேளையில், முஸ்லிம் தன்னார்வ அமைப்புகளைச் சார்ந்த இளைஞர்கள் பாதுகாப்பு உடை அணிந்து, எல்லா மதத்தவரின் உடல்களையும் உரிய மரியாதையோடு நல்லடக்கம் செய்தனர். அதே தமிழகத்தில்தான் 2020 ஏப்ரலில், நோயுற்று மரணமடைந்த சென்னை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் அவர்களின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் தாக்குதல் நடத்தியது. சென்னை உயர்நீதிமன்றம் அதனைத் தாமாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வகைசெய்யும் அவசரச் சட்டத்தை அம்மாதமே அரசு பிறப்பித்தது.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். மையவாடியில் இடம் கேட்டு வருவோரிடம், "எந்த ஜமாஅத்? சந்தா பாக்கி உண்டா?" என்று வினவும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் இருந்து வருகிறது. மார்க்கச் சட்டம் கூறுவது யாது? மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழுவித்து அடக்கம் செய்வது ஃபர்ளு கிஃபாயா ஆகும். சிலர் நிறைவேற்றினால் அனைவர் மீதும் கடமை நீங்கும். எவரும் நிறைவேற்றாவிடில் அறிந்திருந்தும் இயன்றும் செய்யாத அனைவரும் குற்றவாளிகளாவர். அக்கடமைக்குச் சந்தா ரசீது நிபந்தனையன்று.

மூன்றாவதாக, இறந்தோர் விட்டுச் சென்ற குடும்பங்கள். 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் உழைக்கும் வயதினர் பலர் மாண்டனர். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்பீடு செய்யப்படும் என்றும், ஒருவரை இழந்த குடும்பத்திற்கு 3 இலட்சம் ரூபாய் வழங்கப்படும் என்றும் தமிழக அரசு அவ்வாண்டு மே மாதத்தில் அறிவித்தது. உச்சநீதிமன்றத்தின் தலையீட்டிற்குப் பின்னர், ஒவ்வோர் இறப்பிற்கும் 50,000 ரூபாய் கருணைத் தொகையும் கிடைத்தது. இவற்றைப் பெறுவதற்கு இறப்புச் சான்றிதழும், வாரிசுக்கான ஆவணங்களும், வங்கிக் கணக்கும் தேவைப்பட்டன. கணவனை இழந்த பெண்ணோ நான்கு மாதம் பத்து நாட்கள் இத்தாவில் இருக்கிறாள். அவசியத் தேவைக்காகப் பகலில் வெளியே செல்ல மார்க்கம் அனுமதிக்கிறது என்பதை அவளுக்கு எடுத்துரைப்பவர் யார்? அவள் சார்பில் வட்டாட்சியர் அலுவலகம் சென்று வருபவர் யார்? அவள் பெயரே ஜமாஅத்தில் இல்லையெனில், அவள் விதவையான செய்தி கூட நமக்கு எட்டுவதில்லை.

இதற்கு முன்மாதிரி நம் வரலாற்றிலேயே உண்டு. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிற்று. அங்கே சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னுமிடத்தில் செய்தியறிந்து, தோழர்களிடம் ஆலோசனை கலந்து, திரும்பிவிட முடிவெடுத்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையவும், அங்கிருந்து தப்பியோடவும் கூடாது என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைக்க, அம்முடிவு உறுதியாயிற்று. அந்நோயில் அபூ உபைதா (ரலி), முஆத் பின் ஜபல் (ரலி) போன்ற பெரும் ஸஹாபாக்கள் ஷஹீதாயினர். அதே காலத்தில் மதீனாவைக் கடும் பஞ்சமும் வாட்டியது. உமர் (ரலி) அவர்கள்தான் 'தீவான்' எனும் மக்கள் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். பால்குடி மறந்த குழந்தைக்கே உதவித்தொகை என்றிருந்த விதியை மாற்றி, பிறந்த குழந்தைக்கும் அதில் பங்களித்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அக்குழந்தை எந்தச் சந்தாவைச் செலுத்தியது?

தீர்மானத்திற்கு எதிராகச் சில கருத்துகள் சொல்லப்படுகின்றன. அவையும் அக்கறையினால் எழுந்தவையே. ஆகவே மரியாதையோடு பதில் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

செலுத்தாதவரையும் சேர்த்தால் செலுத்துபவரும் நிறுத்திவிடுவார் என்கின்றனர் சிலர். சந்தாப் புத்தகம் வேறு, குடும்பப் பதிவேடு வேறு. வாக்குரிமையும் நிர்வாகப் பொறுப்பும் சட்டவிதிகளின்படி சந்தாதாரர்களிடமே இருக்கட்டும். பசியும் ஜனாஸாவும் மட்டும் அவ்விதிகளுக்கு அப்பாற்பட்டவையாக இருக்கட்டும்.

வாடகைக் குடியினர் ஆண்டுக்கொரு வீடு மாறுவர் என்கின்றனர் வேறு சிலர். அதற்காகவே ஆண்டுக்கொரு முறை, ஷஅபான் மாதத்தில் தெருவாரியாகச் சரிபார்க்க வேண்டுகிறோம். ரமளானில் ஃபித்ராப் பங்கீட்டிற்கும் அதுவே உதவும்.

வறுமையையும் நோயையும் ஏட்டில் எழுதினால் மானம் போகும் என்ற அச்சம் நியாயமானதே. பெயர், வீடு, வயது, தொடர்பு எண் ஆகியவை மட்டும் பொதுப் பதிவேட்டில் இருந்தால் போதும். மற்றவை பைத்துல்மால் பொறுப்பாளர் இருவரின் கையிலுள்ள தனி ஏட்டில் அமானிதமாக இருக்கட்டும். பெண்களிடம் விவரம் கேட்கப் பெண்களே செல்லட்டும். அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும், முதியோர் தனித்திருக்கும் வீடுகளைக் குறித்துக்கொள்ளட்டும். அண்டை வீட்டாருக்கான உரிமையை மார்க்கம் மதம் பார்த்துச் சுருக்கவில்லை.

பெரியோர்களே! 2023 மே மாதத்தில் உலக அவசரநிலை முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டு விட்டது. பள்ளிவாசல் நிரம்பி வழிகிறது, அல்ஹம்துலில்லாஹ். நெருக்கடி தீர்ந்தபின் மறந்துவிடுவது மனித இயல்பு. வெள்ளமோ புயலோ மற்றொரு நோயோ வரும் நாளில் பட்டியல் தயாரிக்க நமக்கு அவகாசம் கிடைக்காது. அமைதியான இந்நாட்களில்தான் அதைச் செய்தாக வேண்டும். எனவே, இத்தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றித் தருமாறும், தெருவுக்கு இருவர் வீதம் இப்பணிக்குப் பெயர் தருமாறும் பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காலத்தில் நம்மை விட்டுப் பிரிந்தோரின் கப்ருகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. அவர்கள் விட்டுச் சென்ற குடும்பங்களுக்கு நம்மை நல்ல அண்டையராக ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.