வாழைக்கு வரும் கேடு கன்றோடு வருகிறது

உலகில் மிகுதியாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. கேரளத்தின் நேந்திரன் முதல் அசாமின் மால்போக் வரை பல இரகங்கள் இங்குப் பயிராகின்றன. இவற்றைப் பயிரிடுவோரில் பெரும்பாலோர் சிறு நிலமுடையவர்கள். கன்று நட்டுத் தார் வெட்ட ஏறத்தாழ ஓராண்டு ஆகும். தார் ஈன்ற மரம் ஒன்று காற்றில் முறிந்து விழுந்தால் அவ்வோராண்டு உழைப்பும் அதனோடு விழுகிறது.

பழி காற்றின்மேல் சுமத்தப்படுகிறது. ஆனால், முறிந்த தண்டைப் பிளந்து பார்த்தால் உண்மை விளங்கும். தண்டுக் கூன்வண்டு இலையுறையில் சிறு துளையிட்டு முட்டை வைக்கிறது. புழுக்கள் தண்டினுள் சுரங்கம் போல் குடைந்து செல்கின்றன. நட்ட ஐந்தாம் மாதம் முதல் இதன் தாக்குதல் தென்படும். தண்டில் பிசின் போன்ற கசிவு காணப்படுவதே முதல் அறிகுறி. கிழங்குக் கூன்வண்டின் புழுவோ மண்ணுக்கடியில் கிழங்கைத் துளைக்கிறது. இரண்டு வகைப் புழுக்களும் உள்ளே மறைந்து வாழ்வதால் மேலே தெளிக்கும் மருந்து அவற்றை எளிதில் எட்டுவதில்லை.

மூன்றாவது எதிரி அசுவினி. இது சாறு உறிஞ்சுவதால் விளையும் தீங்கு சிறிது. முடிக்கொத்து நோயின் நச்சுயிரியைப் பரப்புவதால் விளையும் தீங்கு பெரிது. நோயுற்ற வாழையில் இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும். இளமையில் நோயுற்ற மரம் தார் ஈனுவதில்லை. இதற்கு மருந்து கிடையாது. 1940ஆம் ஆண்டில் கோட்டயம் பகுதியில் கண்டறியப்பட்ட இந்நோய் பின்னர்ப் பல மாநிலங்களுக்கும் பரவிற்று. பழனி மலைச்சரிவுகளில் விருப்பாட்சி வாழையின் பரப்பு சுருங்கியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பீகார், மேற்கு வங்கம், அசாம் ஆகிய பகுதிகளில் மழைக்காலத்தில் காய்களின் தோலைச் சுரண்டித் தழும்பாக்கும் வண்டு வேறு வகையினது. அது பழத்தின் விலையைக் குறைக்கும், மரத்தை அழிக்காது.

இக்கேடுகள் தொலைவிடங்களுக்குச் செல்வது எவ்வாறு? கிழங்குக் கூன்வண்டு அரிதாகவே பறக்கும். நடக்கும் தொலைவும் குறைவு. ஆயினும் அது மாவட்டம் விட்டு மாவட்டம் செல்கிறது. கன்றைச் சுமந்து செல்லும் மனிதரே அதனையும் சுமந்து செல்கின்றனர். நச்சுயிரியும் அவ்வழியே பயணம் செய்கிறது. உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கன்று கொடுப்பது நம் நாட்டின் நல்ல வழக்கம். அவ்வழக்கத்தை விலக்க வேண்டியதில்லை. கொடுக்கும் கன்று தூயதாக இருத்தல் வேண்டும்.

ஆகவே, பாதுகாப்பு நடவுக்கு முன்பே தொடங்குகிறது. நோயற்ற, வண்டு தாக்காத தோட்டத்திலிருந்தே கன்று எடுக்க வேண்டும். கிழங்கின் மேற்பகுதியைச் சீவித் துளையுள்ளவற்றை ஒதுக்கிவிட வேண்டும். சுமார் 54 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் மூழ்க வைப்பதும் பயன் தரும். தார் வெட்டிய அடித்தண்டைத் தோட்டத்தில் விட்டுவைப்பது வண்டுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அத்தண்டையே 30 செ.மீ. நீளத் துண்டுகளாக வெட்டி, நெடுக்காகப் பிளந்து ஆங்காங்கே வைத்தால், வாசனைக்கு வரும் வண்டுகளைப் பொறுக்கி அழிக்கலாம். இப்பொறிக்குச் செலவு ஏதுமில்லை.

முடிக்கொத்து கண்ட மரத்தை அகற்றுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் மருந்து தெளித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். பின்னரே கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். முதலில் வெட்டினால், வாடும் மரத்தை விட்டு அசுவினிகள் அடுத்த மரத்திற்குச் சென்றுவிடும்.

சட்டத்தின் துணையும் உண்டு. மாநிலங்களுக்கிடையே செடிகளின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த 1914ஆம் ஆண்டின் அழிவுப் பூச்சிகள் சட்டம் மைய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை 2006ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. திசு வளர்ப்பில் வண்டு வாராது. ஆனால், தாய்ச்செடி சோதிக்கப்படாவிட்டால் நச்சுயிரி வரக்கூடும். எனவே, சான்றிதழைக் கேட்டுப் பெறும் பழக்கம் உழவரிடையே வளர வேண்டும்.

இன்னும் உயிரோடு நிற்கும் மரத்தைத் தோண்டி எறிய எந்த உழவரும் தயங்குவார். அத்தயக்கம் அறியாமையன்று, இழப்பின் அச்சம். ஒருவர் மட்டும் அகற்றி மற்றவர் விட்டுவைத்தால் அவரது இழப்பு வீணாகும் என்பதையும் அவர் அறிவார். ஊர் முழுதும் ஒரே காலத்தில் செயற்படச் செய்வதே விரிவாக்க அலுவலரின் பணி. வாழையைக் காக்கும் வழிகளுள் தூய கன்றே மலிவானது. ஊரின் ஒற்றுமையே வலிமையானது.