அம்மாயியின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு, இருதய வருத்தம் இருந்ததா?" என்று நோயாளிகளிடம் நான் கேட்பது வழக்கம். பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து வருவோரில் பலருக்கு அம்மாயிக்கு முந்திய ஒருவரின் பெயர்கூடத் தெரிவதில்லை. "கூலிக்கு வந்த சனத்துக்கு ஏது சரித்திரம், டொக்டர்?" என்பார்கள்.

சரித்திரம் இருக்கிறது. இலங்கையிலுள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே. பி. லூயிஸ் 1913இல் வெளியிட்ட நூலில் துரைமாரைத் தேடலாம். நம்மவருக்குக் கல்லறைக் கல் இல்லை. ஆனால் செக்ரோல் இருந்தது. அதில் பெண்களுக்கும் தனிப் பேர் விழுந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் ஆண், பெண், சிறுவர் என்று வெவ்வேறாகவே சம்பளம் குறித்தது. நம் பூட்டிமார் இன்னாரின் மனைவியாக மட்டுமன்றி, உழைத்தவர்களாகவும் ஏட்டில் ஏறியவர்கள்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், இங்கே தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அக்காலத்து விண்ணப்பப் பிரதி, பிரஜாவுரிமைச் சான்றிதழ், இந்தியக் கடவுச்சீட்டு எல்லாம் பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் இன்னும் கிடக்கின்றன. நம்மை நிறுத்துப் பார்க்கக் கேட்ட அந்தத் தாள்கள்தாம் இன்று நம் வம்சாவளி. கறையான் அரிக்குமுன் படம் பிடித்து வையுங்கள்.

தேடத் தொடங்குவோருக்குச் சில வழிகள். முதலில் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள்: குலதெய்வம் எது, எந்தக் கங்காணியின் ஆட்கள், எந்தத் தோட்டம், எந்த டிவிசன்? குலதெய்வக் கோயில் தெரிந்தால் இந்தியாவில் பூர்வீக ஊரைத் தேட ஒரு வழி பிறக்கும். அடுத்து, பிரதேச செயலகத்தில் பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதி கேளுங்கள். ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கலாம், மனந்தளர வேண்டாம். தோட்டத்தின் வரலாற்றுக்கு, கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களமும் பழைய பெர்குசன் டிரெக்டரிகளும் உதவும். கோத்தகிரியிலோ கூடலூரிலோ குடியேறிய உறவினர் இருந்தால் அவர்களுக்கும் எழுதுங்கள். குடும்பக் கதையின் மறுபாதி அவர்களிடம் இருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் பாடசாலையின் பழைய சேர்விடாப்புகளை அதிபரின் அனுமதியோடு பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் பாதுகாப்போம். அவற்றில் இருப்பது பெரும்பாலும் தகப்பன் பெயரும் விலாசமுமே. ஆகவே, நாம் ஒவ்வொருவரும் தாயின் பெயர், தாயின் தாய் பெயர், அவர்கள் பிறந்த தோட்டம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புவோம். வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளே, அம்மாவுக்கு இன்றிரவே தொலைபேசி எடுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள்.