புதிய ஊரில் உள்ளூர் வானொலி



ஒரு ஜில்லாவை விட்டு மற்றொரு ஜில்லாவில் நிலம் பிடித்துக் குடியேறும் குடியானவர், விதையையும் கருவிகளையும் எடுத்துச் செல்வதோடு, பழைய ஊரின் பருவக் கணக்கையும் தம்மை அறியாமலே உடன் கொண்டு செல்கிறார். காவிரிப் பாசனத்தில் பழகியவர், ஜூன் மாதம் 12-ஆம் தேதி வந்ததும் மேட்டூர் அணை திறக்கப்பட்டதா என்றே கேட்பார். அவர் குத்தகைக்கு எடுத்திருப்பது கோயமுத்தூர்ப் பக்கத்து மானாவாரி நிலமாயின், அச்செய்தியால் அவருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. அந்த நிலத்துக்கு எப்பொழுது மழை, எந்தப் பயிருக்கு எந்தப் பூச்சி, அண்டைச் சந்தையில் என்ன விலை என்பவையே அவர் அறியவேண்டியவை. இவற்றை ஏற்கெனவே அறிந்தவர் பக்கத்து நிலத்துக்காரர். அவருக்கு அடுத்தபடியாக அறிந்திருப்பது அப்பிரதேசத்து வானொலி நிலையம்.

பிரதேசத்துக்கு ஒரு நிலையம் என்ற ஏற்பாடு தென்னாட்டில் படிப்படியாக வளர்ந்தது. சென்னையில் 1924-ஆம் ஆண்டில் ஒரு ரேடியோ சங்கத்தார் தம் சொந்த முயற்சியால் ஒலிபரப்பைத் தொடங்கினர். பொருள் போதாமையால் அது நின்றுபோகவே, 1930-ஆம் ஆண்டில் நகர சபையார் அதனை மேற்கொண்டனர். 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையமும், 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி திருச்சிராப்பள்ளி நிலையமும் திறக்கப்பட்டன. ராஜதானி முழுவதுக்கும் ஒரே குரல் போதாது என்பதே இரண்டாவது நிலையம் எழுந்ததன் பொருள்.

புதிய ஊருக்கு வந்தவர் அவ்வூருக்குரிய நிலையத்தைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? மத்திய அலை வரிசையை நடுப்பகலில் திருப்பிப் பார்ப்பதே எளிய வழி. பகலில் சூரிய கிரணங்களால் மின்னூட்டம் பெறும் ஒரு படலம், பூமிக்குமேல் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வானை நோக்கி எழும் மத்திய அலைகளை விழுங்கிவிடுகிறது. நிலத்தை ஒட்டி வரும் அலைகள் மட்டுமே பெட்டியை அடைகின்றன. அவை அதிக தூரம் செல்லமாட்டா. ஆகவே, நண்பகலில் தெளிவாகக் கேட்பது பெரும்பாலும் அண்டை நிலையமே. சூரியன் அஸ்தமித்தபின் அப்படலம் மறைய, அதற்கும் மேலுள்ள படலங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்தும் வந்து சேர்கின்றன. இரவில் உரத்துக் கேட்கும் குரலை நம்பி, அதுவே தம் ஊர் நிலையம் என்று கொள்வது தவறாகும். கடலோரக் கிராமத்தார் இதில் ஒரு விலக்கை அறிந்திருத்தல் நலம். உப்பு நீரின்மேல் இவ்வலைகள் குறைவாகவே நலிவதால், கடலுக்கு அப்பாலுள்ள இலங்கை நிலையங்கள் பகலிலும் கேட்கக்கூடும். நிலையத்தின் பெயர் சொல்லப்படும்வரை காத்திருந்து உறுதி செய்துகொள்ளவேண்டும்.

பெட்டியை வைக்கும் விதமும் கவனிக்கத் தக்கது. சிறு பெட்டிகளினுள் கம்பி சுற்றிய ஒரு கோல் படுக்கையாக அமைந்துள்ளது. அதன் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி குன்றும். அதன் பக்கம் நோக்கினால் ஒலி ஓங்கும். ஆகையால் பெட்டியை மெல்லத் திருப்பிப் பார்த்தே ஓரிடத்தில் நிறுத்தவேண்டும். தகரக் கூரையின்கீழும், மின்சார மோட்டார், குழல் விளக்கு, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவி முதலியவற்றின் அருகிலும் இரைச்சல் மிகும். அமெரிக்க நாட்டு வழக்கப்படி செய்த பெட்டிகள் சில, 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மட்டுமே நகரும். இந்தியாவில் இடைவெளி 9. திருச்சி நிலையத்துக்குரிய 936 என்னும் எண்ணை அத்தகைய பெட்டி 930-க்கும் 940-க்கும் நடுவே தவறவிட்டுவிடும். பழைய பெட்டிகளில் மீட்டர் கணக்கே காணப்படும். 300,000-ஐக் கிலோஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். 936-க்கு அது ஏறக்குறைய 320.5 ஆகும்.

நிலையம் அகப்பட்டது மாத்திரத்தில் காரியம் முடிந்துவிடுவதில்லை. ஒருவர் தனியே கேட்டது அவர் செவியோடு நின்றுவிடும். 1956-ஆம் ஆண்டில் பூனாவை மையமாகக் கொண்டு, அப்போதைய பம்பாய் ராஜ்யத்தின் ஐந்து ஜில்லாக்களில் 150 கிராமங்களில் ஒரு பரீட்சை நடத்தப்பட்டது. கிராமத்தார் ஒன்றுகூடி விவசாய ஒலிபரப்பைக் கேட்டு, உடனே அதைப்பற்றி விவாதித்து, எழுந்த ஐயங்களை நிலையத்துக்கு எழுதியனுப்பினர். கேட்டதைத் தம் நிலத்தோடு ஒப்பிட்டுப் பேசியதனால் அவர்கள் அறிவு விருத்தியடைந்ததென்பது அப்பரீட்சையில் விளங்கிற்று. தஞ்சை ஜில்லாவில் 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல் வானொலியின் வாயிலாகவே பரவி, ஜனங்களால் ‘ரேடியோ நெல்’ என்று அழைக்கப்பட்டதும் இதற்கொரு சான்று.

வேறொரு பயன் உயிரையே காக்கவல்லது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் ஏராளமாய்ச் சாய்ந்தன. பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன, கைத்தொலைபேசிகளும் மௌனமாயின. அத்தகைய வேளையில், புயலின் பாதைக்கு அப்பால் தொலைவிலுள்ள ஒரு மத்திய அலை நிலையத்தின் குரலை, இரண்டு உலர்ந்த பாட்டரிகளைக்கொண்ட சிறு பெட்டி வாங்கித் தரக்கூடும். ஊருக்குப் புதியவருக்கு மேடான இடம் எது, பாதுகாப்பான கட்டடம் எது என்று தெரிந்திராதாகையால், எச்சரிக்கை அவருக்கே முதலில் எட்டவேண்டும். இடிமழை நெருங்குமுன் பெட்டியில் எழும் ‘படபட’ என்னும் ஓசையும் வயலில் நிற்பவருக்கு ஒருவித முன்னறிவிப்பே. அதைக் கேட்டவுடன் மரத்தடியை விட்டு வீட்டுக்குள் செல்வதே விவேகம்.

அண்மை ஆண்டுகளில் மத்திய அலை ஒலிபரப்பிகள் சில நிறுத்தப்பட்டுள்ளன. பண்பலை நிலையங்கள் பெருகியுள்ளன. ஆகையால் பழைய பட்டியல்களை நம்பாது, எது கேட்கிறது என்பதை ஒவ்வொரு சங்கமும் தன் ஊரிலேயே சோதித்தறிய வேண்டும். சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டி, மாற்றுப் பாட்டரிகள், நிலையத்தின் எண்ணும் விவசாய நிகழ்ச்சியின் நேரமும் எழுதிய ஒரு பலகை, வானிலையையும் விலையையும் குறிக்க ஒரு நோட்டுப் புஸ்தகம்: செலவு சொற்பம். புதிதாகக் குடியேறியவர் அங்கத்தினராகச் சேர வரும் நாளில், பங்குத் தொகைக்கு ரசீது கொடுப்பதுடன் அப்பலகையையும் அவருக்குக் காட்டி, மாலையில் கேட்க வருமாறு அழைக்கவேண்டும். அவர் நிலத்தில் விளைந்தால்தான் சங்கத்தில் வாங்கிய கடனும் தவணை தவறாமல் திரும்பும்.