முட்டுக்கட்டை யார் கையில்?



எனக்கு முன்னால் பேசிய நண்பர், ஐரோப்பாவுக்கு ஒரே ராணுவம் வேண்டும் என்று முழங்கிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அவரோடு சண்டை போட நான் வரவில்லை. அவர் தொடாத ஒரு கேள்வியைத் தொடுகிறேன்.

தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் வடம் பிடிப்பார்கள். ஆனால் தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து ஓடுகிற நாலு பேர் கையில். ஐரோப்பாவில் வடம் பிடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. கட்டை யார் கையில்?

இது நேற்றைய கேள்வி அல்ல. 1950-இல் பிரான்ஸ் பிரதமர் ரெனே பிளெவன் ஒரு யோசனை சொன்னார். ஜெர்மானியரிடம் மறுபடியும் ஆயுதம் கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், தனி ஜெர்மன் ராணுவமாக வேண்டாம், ஐரோப்பிய ராணுவத்துக்குள் கொடுப்போம் என்றார். 1952 மே மாதம் ஆறு நாடுகள் பாரிஸில் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. யோசனை சொன்ன பிரான்ஸே 1954 ஆகஸ்ட் 30 அன்று, தன் நாடாளுமன்றத்தில் 319-க்கு 264 என்று அதை ஒதுக்கித் தள்ளியது. டி கோல் ஆதரவாளர்களும் கம்யூனிஸ்டுகளும், வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள், அன்றைக்கு ஒரே பக்கம். முடிவு அறிவித்ததும் எதிர்த்தவர்கள் எழுந்து நின்று தேசிய கீதம் பாடினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒன்பதே வருடம் ஐயா! பிள்ளையை இழந்த வீடுகளில் ஈரம் காயவில்லை. ஜெர்மன் தளபதிக்கு பிரெஞ்சுப் பையன் சல்யூட் அடிப்பானா என்ற கேள்வியை அவர்களால் விழுங்க முடியவில்லை. அடுத்த ஆண்டே மேற்கு ஜெர்மனி நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது, சொந்த ராணுவமும் அமைத்தது, அது வேறு கதை.

சரி, பழங்கதை போகட்டும். 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திடம் போர்க்குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 1500 வீரர்கள். நாடுகள் முறை வைத்துத் தயாராக நிற்கின்றன. ஒரு தடவைகூடக் களத்துக்குப் போனதில்லை! அனுப்ப வேண்டுமென்றால் எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும். செலவில் பெரும்பகுதி போகிறவன் தலையில். கட்டிக்கொடுத்த சாப்பாடு கையிலேயே ஊசிப்போகிற கதை.

ஆனால் ஓசையில்லாமல் நடக்கிற ஒன்றும் உண்டு. 2011-இல் சிக்கனம் என்று சொல்லி, நெதர்லாந்து தன் டாங்கிகளையெல்லாம் கைவிட முடிவெடுத்தது. இன்று அந்நாட்டு டாங்கி வீரர்கள் ஜெர்மனியில் லோஹைடே என்ற இடத்தில், ஜெர்மன் பட்டாலியனுக்குள், குத்தகைக்கு எடுத்த லெப்பர்ட் டாங்கிகளில் பயிற்சி எடுக்கிறார்கள். ஒரே பணிமனை, ஒரே உதிரி பாகம். எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இங்கேயும் போருக்குப் புறப்படு என்றால், ஜெர்மன் வீரனுக்கு பெர்லின் நாடாளுமன்றம் கை தூக்க வேண்டும். நெதர்லாந்து வீரனுக்கு ஹேக் நகரிலிருந்து உத்தரவு வர வேண்டும்.

2025 பிப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி, ஐரோப்பாவுக்கென்று படை வேண்டும் என்றார். அமெரிக்கா உதவிக்கு வரும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்ட நேரம் அது. அவர் பயம் நியாயம். 2023-இல் உக்ரைனுக்கு ஒரே வருடத்தில் 10 லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக ஒன்றியம் வாக்குக் கொடுத்தது. கெடு முடிந்தபோது போனது ஏறத்தாழப் பாதி. குண்டையே சேர்ந்து செய்து கொடுக்க முடியாதவர்கள், கொடியை மட்டும் சேர்ந்து தைத்து என்ன செய்ய?

அதனால் நண்பருக்கு என் பதில் இது. குண்டைச் சேர்ந்து வாங்கட்டும், டாங்கியைச் சேர்ந்து பழுது பார்க்கட்டும், இன்றைக்கே செய்யட்டும். ஒரே ராணுவத்துக்கு மட்டும் நான் இன்று கை தூக்க மாட்டேன். லிஸ்பனிலிருந்து போன ஒரு பையன் எஸ்டோனியா எல்லையில் விழுந்தால், அவன் அம்மா யாரிடம் போய்க் கேட்பாள்? அடுத்த தேர்தலில் யாரைத் தோற்கடிப்பாள்? அந்த ஆளின் பெயரை நண்பர் சொல்லட்டும், நான் உட்காருகிறேன்.